தனியா வந்தா ரூம் இல்லை

லாட்ஜ் வேலையில சாவி எடுத்துக் கொடுக்கறதை ஒரே நாள்ல கத்துக்கலாம், சாவி இல்லைன்னு சொல்லக் கத்துக்கத்தான் வருஷக்கணக்காகும். திருவண்ணாமலையில ஒரு சின்ன லாட்ஜ்ல நான் ரிசப்ஷன்ல உட்கார்ந்திருக்கேன். சொந்த ஊரு கீழ்பென்னாத்தூர் பக்கம். கல்யாணத்துக்கு முன்னாடி மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, ஆஞ்ச கை, இப்ப ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்துட்டு இருக்கு. பேங்க் கவுண்டர்ல, ரேஷன் கடையில, ஆஸ்பத்திரி டோக்கன் ஜன்னல்ல உட்கார்ந்து நாள் பூரா ஜனங்க மூஞ்சியைப் பார்த்துப் பொழைக்கறவங்க யாராவது இதைப் படிச்சா, இவ நம்ம கூட்டத்து ஆளுதான்னு புரிஞ்சுப்பீங்க. நம்ம முதுகுவலியும் ஒண்ணு, கடுப்பும் ஒண்ணு.

எங்க ஊரு லாட்ஜுங்கள்ல ஒரு சட்டம் இருக்கு. தனியா வர்ற ஆளுக்கு ரூம் கிடையாது. அதுலயும் பதினெட்டு முடியாத புள்ளைங்க தனியா வந்தா வாசப்படியிலயே இல்லைன்னுடணும். சாமி கும்பிட வந்தது யாரு, இனிமே வீட்டுக்கே திரும்ப வேணாம், உயிரே வேணாம்னு முடிவு பண்ணிட்டு வந்தது யாருன்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்காதே. ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா போலீஸு, கேஸு, அப்புறம் எவனும் அந்த லாட்ஜ் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டான். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே முதலாளி இதைத்தான் முதல்ல சொன்னாரு. சம்பளம் எவ்ளோன்னு அப்புறம்தான் சொன்னாரு.

ஆனா நான் ஒண்ணு கவனிச்சேன். ரிசல்ட் வர்ற மாசம், முகூர்த்த மாசம், ஹாஸ்டல் தொறக்கற மாசம், இப்படி ஒவ்வொரு வருஷமும் அந்த மாதிரி புள்ளைங்க வந்துட்டேதான் இருக்காங்க. உசுரே வேணாம்னு கெளம்பினவங்களுக்கும் அண்ணாமலையாரை ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு தோணுது பாருங்க, அதுல எனக்கு ஒரு பிடி கிடைக்குது. எங்க ரிசப்ஷன் கண்ணாடிக் கதவு மேற்கே பார்த்தது. வெளியில கோபுரத்துக்குப் பின்னாடி மலை தெரியும். மத்தியானத்துல தெரு அடங்கினதும் மேகத்தோட நிழல் மலை மேல மெதுவா நகர்றதைப் பார்த்துட்டே இருந்தா, நான் முழிச்சிருக்கேனா தூங்கறேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடும். அப்படி ஒரு அரைத்தூக்கத்துலதான் அந்தப் புள்ளைங்க கதவைத் தள்ளிட்டு உள்ள வருவாங்க. ரூம் கொடுக்க மாட்டேன், வெளியிலயும் அனுப்ப மாட்டேன். சோபாவுல உட்காரச் சொல்லுவேன். இது நானா வெச்சுக்கிட்ட சட்டம்.

கூட வந்த மாமா

சதீஷ்னு ஒரு பையன், பதினேழு வயசு. முதல் தடவை வந்து தனியா ரூம் கேட்டான். பெரியவங்க யாராவது கூட வந்தாத்தான்னு சொல்லி, உட்காருப்பான்னு சோபாவைக் காட்டறதுக்குள்ள, இதோ மாமாவைக் கூட்டிட்டு வரேன்னு ஓடிட்டான். சரி, புள்ள நெஜமாவே மாமாவோடதான் வந்திருக்கான் போலன்னு நினைச்சேன். சொன்ன மாதிரியே அரை மணி நேரத்துல ஒருத்தரைக் கூட்டிட்டு வந்துட்டான். வெள்ளை வேட்டி, நெத்தி நெறைய திருநீறு, கையில பிரசாதப் பை. நல்ல மாமாவாத்தான் தெரிஞ்சாரு. பையன் பேரு என்னங்கன்னு சும்மாதான் கேட்டேன். மாமா என்னைப் பார்த்தாரு, மலையைப் பார்த்தாரு, பையனைப் பார்த்தாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எங்க அக்கா வீட்டுக்காரருக்கும் எங்க புள்ளைங்க பேரு ஞாபகம் இருக்காது, ஆனா அவரு ஏதாவது ஒரு பேரைச் சொல்லிச் சமாளிப்பாரு.

விஷயம் இதுதான். ராஜகோபுரத்துக்கு வெளியில செருப்பு விடற இடத்துல இவன் அவரைப் பிடிச்சிருக்கான். லாட்ஜ்ல வந்து சும்மா கூட நின்னா போதும்னு கெஞ்சியிருக்கான். அவரு ஆரணிப் பக்கம் மாவு மில் வெச்சிருக்கறவரு. பையன் மூஞ்சியைப் பார்த்ததும் என்னமோ சரியில்லைன்னு பட்டிருக்கு. முதல்ல பொங்கல் வாங்கிக் கொடுத்துட்டு, அப்புறம் என்னதான் நடக்குதுன்னு பார்க்கலாம்னு கூட வந்திருக்காரு. பிளஸ் டூவுல ரெண்டு பாடம் போயிடுச்சு, முந்தின நாள் காலையில வீட்டை விட்டு வந்தவன், அதுவரைக்கும் பச்சத் தண்ணிதான் குடிச்சிருக்கான். இதையெல்லாம் என்கிட்ட சொல்லும்போது அவனுக்கு நாக்கு குழறிடுச்சு. செத்துடலாம்னு இருந்தேங்கறதையும் அதுலயே சொல்லிட்டான். மில்லுக்காரரு சோபாவுல அவன் பக்கத்துல ஒட்டி உட்கார்ந்துகிட்டாரு. பேரு கூடத் தெரியாம எந்த தைரியத்துல மாமான்னு வந்து நின்னீங்கன்னு நான் கேட்டேன்.

அவரு சொன்னாரு: "பேரு கேக்கத் தோணலம்மா. சாப்டியான்னுதான் கேட்டேன்."

பஸ்ல யோசிச்ச திட்டு

சதீஷோட அப்பா விழுப்புரம் பக்கத்துல கட்டட மேஸ்திரி. போன்ல நான் விஷயத்தைச் சொன்னதும் அவரு போட்ட சத்தத்துக்கு ரிசீவரை நான் ஒரு முழம் தள்ளிப் பிடிச்சேன். ஊரெல்லாம் தேடி, கெணத்துல எல்லாம் எட்டிப் பார்த்து வெறுத்துப் போன மனுஷன், பாவம். பாஸு ஃபெயிலு எல்லாம் அப்புறம் பேசிக்கலாம், புள்ள உயிரோட இங்க உட்கார்ந்திருக்கான், முதல்ல பஸ் ஏறுங்கன்னு நானும் பதிலுக்குச் சத்தம் போட்டேன். எனக்கும் சத்தம் போட வரும். மில்லுக்காரரு பஸ்ஸைப் பிடிக்கணும்னு எழுந்து போறப்ப மணி நாலு இருக்கும். பையன் சோபாவுலயே காலை மடக்கிப் படுத்துத் தூங்கிட்டான். மழை வர்ற மாதிரி இருட்டிக்கிட்டு வந்துச்சு. மலை பாதி மேகத்துக்குள்ள போயிடுச்சு. எங்கயோ கற்பூர வாசனை. அவன் மூச்சு விடறது ஃபேன் சத்தத்துக்குள்ள கேட்டுட்டே இருந்துச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு நானும் கண்ணு சொக்கிட்டேன்.

கண்ணைத் தொறந்தா அப்பா வந்திருக்காரு. லாட்ஜ் வாசல்ல யாரும் செருப்பைக் கழட்ட மாட்டாங்க. இவரு கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. பையனை எழுப்பல. அவன் கால்மாட்டுல மெதுவா உட்கார்ந்து, சிமெண்ட் காஞ்ச கையை அவன் பாதத்து மேல வெச்சுக்கிட்டாரு. நான் டீ சொல்லட்டுமான்னு கேட்டதுக்கு வேணாம்னு தலையாட்டினாரு. வந்ததும் அடி விழப்போகுது, குறுக்க போய் நிக்கணும்னு நான் தயாரா இருந்தேன். அதுக்கு வேலையே இல்லாம போச்சு. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேருக்கும் சேர்த்து ரூம் போட்டுக் கொடுத்தேன். பையன் மறுதேர்வு எழுதிட்டு இப்ப ஐ.டி.ஐ. போறான்.

சாவி வாங்கும்போது அந்த அப்பா சொன்னாரு: "ஏறினதுல இருந்து இவனை எப்படித் திட்டலாம்னு யோசிச்சுட்டே வந்தேங்க. எறங்கினப்ப ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

தெருவெல்லாம் இல்லை

எல்லாம் இப்படி நல்லபடியா முடியும்னு நினைச்சுடாதீங்க. நீலக் கட்டம் போட்ட சட்டையில ஒரு பையன் வந்தான். மீசை அரும்பாத வயசு. மத்தியான நேரம். உட்காருப்பா, தண்ணி குடின்னேன். அந்த நேரம் பார்த்து திருப்பதியில இருந்து ஒரு குடும்பம், சொல்லி வெச்ச மாதிரி எல்லாரும் ஒண்ணா ஆதார் கார்டை நீட்டினாங்க. ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பிட்டுப் பார்த்தா சோபாவுல யாரும் இல்லை. தண்ணி டம்ளர் அப்படியே இருக்கு. எங்க ரூம் பாய் பெருமாளை பஸ் ஸ்டாண்டுக்கு ஓட விட்டேன். ரூம் பாய்னா சின்னப் பையன் இல்லைங்க, ஐம்பத்தஞ்சு வயசு. அவரும் போய்ப் பார்த்தாரு, நானும் ஆட்டோ வெச்சுக்கிட்டு கோயிலைச் சுத்தி வந்தேன். போலீஸ்லயும் அடையாளம் சொன்னேன். பையன் கிடைக்கல.

மறுநாள் தெருவுல விசாரிச்சப்பதான் தெரிஞ்சுது. எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி அவன் ஒரு லாட்ஜ் விடாம ஏறி எறங்கியிருக்கான். எல்லாரும் மரியாதையாத்தான் இல்லைன்னு சொல்லியிருக்காங்க. யாரும் கெட்டவங்க இல்லை, சட்டப்படிதான் சொல்லியிருக்காங்க. ஏற்கெனவே வீட்ல, பள்ளிக்கூடத்துல நீ வேணாம்னு கேட்டுட்டு வந்த புள்ள, ஒரு தெரு முழுக்க நடந்து அதையே திரும்பக் கேட்டிருக்கான். எந்தப் புள்ளையும் சாகக் கூடாதுன்னு போட்ட சட்டம்தான். அது புள்ளையைக் காப்பாத்துச்சா, லாட்ஜைக் காப்பாத்துச்சான்னு நீங்களே சொல்லுங்க.

அந்த வாரமே தெருவுல இருக்கற ரிசப்ஷன்காரங்க எல்லாரையும் டீக்கடையில பிடிச்சேன். ரூம் இல்லைன்னு தாராளமா சொல்லுங்க, ஆனா வெளியில விடாதீங்க, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து என்கிட்ட விட்டுட்டுப் போங்கன்னேன். பக்கத்து லாட்ஜ் குமார் மட்டும் உடனே சரின்னான். மத்தவங்க முணுமுணுத்துட்டு ஒத்துக்கிட்டாங்க. முதலாளி காதுக்குப் போய், நம்ம லாட்ஜ் என்ன ஆஸ்பத்திரியான்னு ஒரு ஆட்டம் ஆடினாரு. ஆடி முடிச்சதும் நான் என் வேலையைப் பார்த்தேன். அந்தப் பையன் என்ன ஆனான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நீலக் கட்டம் போட்ட சட்டை கண்ணாடியில அசைஞ்சாலே எழுந்து நின்னுடறேன்.

பெருமாள் சொன்னாரு: "வூட்டுக்குப் போயிருப்பான்னு நெனச்சுக்கம்மா. நெனைக்கறதுக்கு இன்னா, காசா பணமா?"

கடுப்புல கேட்ட கேள்வி

இப்ப சொல்லப் போறது நடந்த அன்னைக்கு மேல் டேங்க்ல தண்ணி இல்லை, மோட்டார் ரிப்பேரு, ரெண்டாவது மாடியில இருந்து ஒருத்தரு சோப்பு நுரையோட போன் பண்ணித் திட்டறாரு, முதலாளி தன் பங்குக்குத் திட்டறாரு. எனக்குத் தலை வெடிக்குது. அந்த நேரத்துல யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு, பத்தாவது படிக்கறவ, புத்தகப் பையோட வந்து நின்னா. ஸ்கூல் விடற நேரம் வரைக்கும் ஒரு ரூம் வேணுமாம். எதுக்குன்னு கேட்டா படிக்கறதுக்காம். கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு, பார்வை என் மேலயே இல்லை, எனக்குப் பின்னாடி எங்கயோ இருக்கு. வழக்கமா பக்குவமா பேசுவேன். அன்னைக்கு எனக்குப் பக்குவம் கம்மி, கடுப்பு ஜாஸ்தி. செத்துப் போகலாம்னு வந்தியான்னு நேரா கேட்டுட்டேன். மாடிப்படியில பக்கெட்டோட வந்த பெருமாள் அப்படியே நின்னுட்டாரு. எனக்கும் திக்குன்னு ஆயிடுச்சு. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியுமா.

அந்தப் பொண்ணு ஆமான்னு தலையாட்டினா. தோள்ல இருந்த பையைக் கழட்டிக் கீழ வெச்சா. அதுக்கப்புறம் நான் கேக்கவே வேணாம், அவளே சொல்ல ஆரம்பிச்சுட்டா. கூடப் படிக்கற பசங்க அவ மூஞ்சியை வேற எதோ படத்துல ஒட்டி போனுக்கு போன் அனுப்பிட்டானுங்க. கூட உட்கார்ந்து சாப்பிட்ட பொண்ணுங்க வேற பெஞ்சுக்குப் போயிட்டாளுங்க. மாசக்கணக்கா தனியா சாப்பிடறா. வீட்ல சொன்னா முதல்ல அவ படிப்பைத்தான் நிறுத்துவாங்கன்னு பயம். தப்பு பண்ணினது ஒருத்தன், மூலையில உட்கார்றது இன்னொருத்தி. இந்த ஊருல மட்டுமா, எந்த ஊருலயும் இதே கதைதான்.

யாரைக் கூப்பிடட்டும்னு அவளையே கேட்டேன். அப்பா அம்மா வேணாம், சித்தின்னா. சித்தி ஜவுளிக்கடையில ஜாக்கெட் தைக்கறவ. கழுத்துல தொங்கற அளவு டேப்பைக் கூடக் கழட்டாம ஓடி வந்தா. வந்தவ ஒரு கேள்வி கேக்கல, பொண்ணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. மறுநாள் ஸ்கூலுக்கும் மகளிர் காவல் நிலையத்துக்கும் போய் அந்தப் பசங்க வீட்டை ஒரு கை பார்த்தவளும் அவதான். அந்தப் பொண்ணு அப்புறம் ஸ்கூல் மாறிப் படிச்சா. அன்னைக்குச் சித்தி ஆட்டோ பிடிக்கப் போனப்ப, அப்படிக் கேட்டதுக்கு மன்னிச்சுக்கம்மான்னு அவகிட்ட சொன்னேன்.

அவ சொன்னா: "நீங்க மட்டும்தான் ஆன்ட்டி நேரா கேட்டீங்க. மத்தவங்க எல்லாம் ஏன் டல்லா இருக்கன்னு கேட்டாங்க."

ஏழாம் நம்பர் ரூம்

இருந்தாலும் எனக்கு மனசு ஆறல. அந்தப் பொண்ணுக்கு அப்படி ஒரு நெனப்பே இல்லாம இருந்து, நான் கேட்டதால வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? பௌர்ணமிக்குப் பௌர்ணமி சென்னையில இருந்து ஒரு டாக்டரம்மா கிரிவலம் வருவாங்க. மனசு சம்பந்தமான டாக்டர். ஏழாம் நம்பர் ரூம்தான் கேப்பாங்க, ஜன்னலைத் தொறந்தா மலை தெரியும்னு. அந்தத் தடவை வெந்நீர் கொண்டு போற சாக்குல நானே மாடி ஏறிப் போய், நடந்ததைச் சொல்லி, நான் பாவம் பண்ணிட்டேனான்னு கேட்டேன். அவங்க கால்ல எண்ணெய் தேய்ச்சுட்டு இருந்தாங்க. ஜன்னல்ல மலைக்குப் பின்னாடி சாயங்கால வானம் பழுத்த மாதிரி இருந்துச்சு.

டாக்டரம்மா சொன்னாங்க: "கேக்கறதால அந்த நெனப்பு வராதும்மா. ஏற்கெனவே உள்ள இருக்கறது கேட்டா வெளியில வரும். ஆனா அடுத்த தடவை கொஞ்சம் மெதுவா கேளுங்க."

கண்டக்டர் எறக்கிவிட்ட எடம்

அடுத்த தடவை சீக்கிரமே வந்துச்சு. அதுவும் ஒரு பௌர்ணமி மத்தியானம். ஊருல கால் வைக்க எடமில்லை. பக்கத்து லாட்ஜ் குமார் ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வந்து, அக்கா உங்க ஆளுன்னு சொல்லி விட்டுட்டுப் போனான். நித்யா. பதினாறு வயசு. செங்கம் தாண்டி ஏதோ கிராமம். கையில ஒரு மஞ்சப் பை, அதுல ஒரு சுடிதாரும் பத்தாவது கணக்குப் புத்தகமும். அவளுக்கு வெச்சிருந்த கல்யாணம் நின்னுடுச்சுங்க, அந்தப் பொண்ணு நல்லா இருக்கா, அதை இப்பவே சொல்லிடறேன். நீங்க படபடப்போட படிக்க வேணாம். அன்னைக்கு நான் பட்டதே போதும்.

பத்தாவதோட படிப்பை நிறுத்திட்டாங்க. வர்ற வியாழக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை அப்பா வழி சொந்தம், அவளை விட ரெண்டு மடங்கு வயசு. மாட்டேன்னு சொன்னதுக்கு அப்பா கை ஓங்கியிருக்காரு, அடி கன்னத்துல தெரியுது. ஆனா அவ அழுதது அடிக்காக இல்லை. அம்மா பக்கத்துலயே நின்னுட்டு வாயே தொறக்கலையாம். அதுக்குத்தான் அழுதா. டாக்டரம்மா சொன்ன மாதிரி மெதுவாக் கேட்டேன். வாழ வேணாம்னு தோணுதாம்மான்னேன். ஆமாங்க, சாமியைப் பார்த்துட்டு, இன்னைக்கேன்னா. மெதுவா கேட்டாலும் பதில் மெதுவா வர்றதில்லை.

நல்லவேளை, ஏழாம் நம்பர் அன்னைக்கு எங்களோடதான் இருந்தாங்க. டாக்டரம்மா கிரிவலத்தை விட்டுட்டு அவ பக்கத்துல வந்து உட்கார்ந்துட்டாங்க. நான் குழந்தைங்க உதவி எண்ணுக்கு போன் போட்டேன். வேங்கிக்கால்ல இருக்கற குழந்தைங்க பாதுகாப்பு ஆபீஸ்ல இருந்து ஆளு வர்றாங்க, அதுவரைக்கும் பொண்ணைத் தனியா விடாதீங்கன்னாங்க. பாத்ரூமுக்குக் கூட நானே கூடப் போனேன். வெளியில ஜனங்க வெறுங்காலோட போயிட்டே இருக்காங்க. ஆயிரக்கணக்கான காலு நடந்தா ஒரு சத்தம் வரும், மழை தூரத்துல பெய்யற மாதிரி. நித்யா அதையே கேட்டுட்டு, டாக்டரம்மா தோள்ல சாய்ஞ்சுட்டு இருந்தா. ரொம்ப நேரம் கழிச்சு, அம்மாவுக்கு மட்டும் சொல்லலாமான்னு கேட்டா. பக்கத்து வீட்டு நம்பர் கொடுத்தா. கூப்பிட்டேன்.

அந்த அம்மா வர்றதுக்குள்ள, என்னெல்லாம் கேக்கணும்னு மனசுக்குள்ள வரிசையா வெச்சுட்டேன். அவங்க வந்தப்ப விளக்கு ஏத்தற நேரம். கூட்டத்துக்குள்ள இருந்து தனியாப் பிரிஞ்சு வந்தாங்க. முடியில வைக்கோல் ஒட்டியிருக்கு, கால்ல கொல்லை மண்ணு காயல. என்னை விடச் சின்னவங்க, முப்பத்து ரெண்டு முப்பத்து மூணுக்கு மேல இருக்காது. பொண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டு, சோபாவுல உட்காராம தரையில உட்கார்ந்துட்டாங்க. நான் ஆரம்பிச்சேன். பெத்தவ நீயே வாயைத் தொறக்கலன்னா இந்தப் புள்ள யாருகிட்டப் போகும், ஒரு வார்த்தை வேணாம்னு சொன்னா உன் தலையா போயிடும்னு கேட்டேன். வரிசையா வெச்சிருந்ததுல பாதி கூட வரல. அந்த அம்மா கண்ணாடி வழியா மலையையே பார்த்துட்டு இருந்தாங்க. போதும்னு டாக்டரம்மா என் கையை அமுக்கினாங்க. எனக்கு அப்பதான் பொட்டுல அடிச்ச மாதிரி ஆச்சு. நானும் தரையில போய் உட்கார்ந்து, உனக்கு எப்படிம்மா இருக்குன்னு கேட்டேன். என்னையா கேக்கறீங்கங்கற மாதிரி பார்த்தாங்க.

அப்புறம் மெதுவாச் சொன்னாங்க. அவங்களுக்குக் கல்யாணம் ஆனப்ப வயசு பதினஞ்சு. கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப, இதே மாதிரி, இதே முடிவோட, இதே மலையைப் பார்க்கக் கெளம்பியிருக்காங்க. டிக்கெட் எடுக்க முடியலன்னு கண்டக்டர் அடுத்த ஸ்டாப்லயே எறக்கி விட்டுட்டான். எறங்கின எடத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டு வீட்டுக்கு நடந்திருக்காங்க. இத்தனை வருஷத்துல இதை யாருகிட்டயும் சொன்னதில்லையாம், யாரும் கேட்டதும் இல்லையாம். நித்யா சோபாவுல இருந்து எறங்கி அம்மா பக்கத்துல வந்து உட்கார்ந்தா. வேங்கிக்கால்ல இருந்து ஆளுங்க வந்ததும், இந்தக் கல்யாணம் வேணாம்னு முதல்ல எழுதிக் கொடுத்தது அந்த அம்மாதான். அப்பா இன்னும் பேசறதில்லையாம், போகட்டும். பொண்ணு அரசு ஹாஸ்டல்ல தங்கிப் பதினொண்ணாவது படிக்கறா, டாக்டரம்மாகிட்ட மாசம் ஒரு தடவை போன்ல பேசறா.

அன்னைக்குத் தரையில உட்கார்ந்து, பொண்ணு தலையைத் தடவிட்டே அந்த அம்மா சொன்னாங்க: "அன்னைக்கு என்கிட்ட பஸ்ஸுக்குக் காசு இல்லீங்க. அதனாலதான் இவ பொறந்தா."

அதுல இருந்து, கூட்டிட்டுப் போக வர்ற பெரியவங்களையும் உங்களுக்கு எப்படி இருக்குன்னு கேட்டுத்தான் அனுப்பறேன். போன வாரம் முதலாளியையும் கேட்டேன், சம்பளம் ஏத்திக் கேக்கப் போறேன்னு நினைச்சு மனுஷன் வண்டியை எடுத்துட்டு ஓடியே போயிட்டாரு.